பனியில் பிளக்காத செடிச்சாடி: சீடார், சீமெந்து, நீலப் பீப்பாய்

ஏப்ரல் மாத நடுவில், கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் கிடந்த கடைசிப் பனியும் கரைந்த பிறகு, முந்திய ஆண்டு வெளியிலேயே விட்டுவிட்ட மண்சாடியைப் போய்ப் பார்த்தால், அதன் விளிம்பு வளையம் போலக் கழன்று தனியே கிடக்கும். பக்கங்கள் தகடு தகடாக உரிந்து, உள்ளே மண் மட்டும் சாடியின் வடிவத்திலேயே நின்றுகொண்டிருக்கும். குளிர்தான் அதை உடைத்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த கோடைக்கு இன்னொன்றை வாங்கிவருவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே சாடியைக் காயவைத்துக் கொட்டிலுக்குள் கவிழ்த்து வைத்திருந்தால், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை போயிருந்தாலும் அதற்கு ஒன்றும் நேர்ந்திராது. சாடியை உடைப்பது அதற்குள் தங்கிய நீர். வீட்டில் நாமே செய்யும் சாடிகளில் எது பனிநாட்டில் நிலைக்கும் என்று ஒப்பிடுவதற்கு இந்த ஒரு விடயத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடுகிறது. சாடியின் சுவரில் உள்ள நுண்துளைகள் நீரால் நிரம்பியிருக்கும் வேளையில் அது உறைந்தால், விரிவதற்கு இடமின்றிச் சுவரை உள்ளிருந்தே நெம்பும். ஒருமுறை உறைந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். உருகும்போது அந்தக் கீறலுக்குள் புதிய நீர் இறங்கும். மறுபடி உறையும்போது கீறல் இன்னும் அகலும். ஆகவே எவ்வளவு கடுமையாகக் குளிர்ந்தது என்பதைவிட, எத்தனை முறை உறைந்து உருகியது என்பதே சாடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 16 பாகையை ஒட்டி நிற்கும். ரொறன்ரோவிலோ அது பூச்சியத்துக்குக் கீழே 4 அல்லது 5 பாகைதான். எனினும் வின்னிபெக்கில் நவம்பரில் உறைந்த சாடி பெரும்பாலும் மார்ச் வரை உறைந்தபடியே கிடக்க, ரொறன்ரோவில் அது பகலில் உருகி இரவில் உறைந்து, ஒரே பருவத்தில் பலமுறை இந்த வேதனையை அனுபவிக்கிறது. மிதமான குளிர் என்று நாம் ஆறுதலடையும் ஊர்தான் சாடிக்குக் கொடிய ஊர்.

நீர் சுவரில் மட்டுமன்றி, உள்ளே இருக்கும் மண்ணிலும் தங்குகிறது. இலையுதிர்கால மழையில் ஊறிய மண் ஒரே கட்டியாக உறைந்து விரியும்போது, சுவர் நீரே உறிஞ்சாத பொருளாக இருந்தாலும் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். வாய் அகன்று அடி குறுகிய சாடியில் அந்தக் கட்டி சற்று மேலே எழும்பித் தப்பிக்கொள்ளும். வயிறு பருத்து வாய் குறுகிய குடம் போன்ற சாடியில் அதற்கு வழியில்லை, சாடிதான் வழிவிட வேண்டும். எனவே எந்தப் பொருளில் செய்தாலும், சுவர் கீழிருந்து மேலாகச் சற்று வெளிச்சாய்வாகவோ, குறைந்தது நேராகவோ இருப்பது முதல் விதி. அடித்துளைகள் தரையோடு ஒட்டிக்கிடந்தால் அவை உறைந்து அடைபட்டு, உருகும் நீர் வெளியேற முடியாமல் தேங்கும். சாடியை இரண்டு மூன்று செங்கற் துண்டுகளின் மேல் ஏற்றிவைப்பது இரண்டாவது விதி. இவ்விரண்டையும் கடைப்பிடித்த பிறகே பொருள்களுக்கிடையிலான ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மண்சாடியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஏறத்தாழ 1000 பாகையில் சுட்ட சாதாரணச் செம்மண் பாண்டம் நீரைத் தாராளமாக உறிஞ்சும். 1200 பாகைக்கு மேல் சுட்ட கற்பாண்டம் மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் பனியைத் தாங்கும், ஆனால் அத்தகைய சூளையை வீட்டில் வைத்திருப்பவர் யார்? நீர் கசிந்து குளிர்ச்சி தரவேண்டும் என்பதற்காகவே நுண்துளைகளோடு நம் ஊரில் வனையப்பட்ட பானைக்கு, அந்தக் குணமே இங்கு எமனாகிறது.

மரப்பெட்டி

மரம் பனியில் வெடிப்பதில்லை. அது நீரை உறிஞ்சினாலும், அதன் நார்களுக்கு இழுபட்டு வளையும் தன்மை இருப்பதால் உள்ளே உறைந்த மண் தள்ளும்போது சற்று இடம்கொடுத்து, உருகியதும் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். மரத்துக்குப் பகை உக்கல். உக்கலை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், இளஞ்சூடும் வேண்டும். பனிக்காலம் முழுவதும் அது உறங்கிக்கிடக்கும். மரப்பெட்டி உக்குவது மே முதல் ஒக்ரோபர் வரை, நாம் நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் மாதங்களில்தான். இதைப் புரிந்துகொண்டால், குளிர்நாட்டு மரப்பெட்டிக்கான கவனம் முழுவதும் கோடை ஈரத்தை வடியவிடுவதிலேயே செல்ல வேண்டும் என்பது விளங்கும்.

கனடாவில் இதற்கு எளிதாகக் கிடைப்பது சீடார். பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் செஞ்சீடாரும், ஒன்ராறியோ, கியூபெக் காடுகளில் வளரும் வெண்சீடாரும் துயா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தேவதாரு என்று இவற்றை மொழிபெயர்ப்பது வழக்கமாயினும் இமயமலைத் தேவதாருவுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. இவற்றின் நடுவயிரத்தில் இயற்கையாகவே பூஞ்சணத்தை எதிர்க்கும் பொருள்கள் உள்ளன. ஓரத்தில் வெளிர்நிறமாக இருக்கும் மென்மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடையில் பலகையைப் பொறுக்கும்போது நிறம் அடர்ந்த பகுதி கூடியவற்றைத் தெரிவுசெய்வது, பிறகு எந்த எண்ணெய் பூசுவதையும்விடப் பயனுள்ளது. வேலி அடைக்கும் மெல்லிய பலகை மலிவாக இருப்பதால் பலர் அதையே வாங்குகிறார்கள். அது இரண்டு மூன்று பருவத்தில் வளைந்து மூலைகளில் கழன்றுவிடும். இரண்டங்குலப் பலகை என்று விற்கப்படுவதே உண்மையில் ஒன்றரை அங்குலத் தடிப்புத்தான். அதற்குக் குறைந்ததைத் தொடாமல் விடுவது நல்லது. அந்தத் தடிப்பில் ஒழுங்காகச் செய்த பெட்டி பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும்.

ஒழுங்காகச் செய்வது என்பதற்குள் சில நுணுக்கங்கள் அடங்கியுள்ளன. நான்கு மூலைகளிலும் உட்புறம் சதுரக் கட்டை நிறுத்தி, பலகைகளை அதனோடு திருகாணியால் பிணைக்க வேண்டும். பலகையின் நுனிக்குள் நேரடியாக ஏறிய திருகாணி, உறைந்த மண் தள்ளும்போது கழன்றுவரும். நான்கடிக்கு மேல் நீளமான பெட்டிக்கு நடுவில் ஒரு குறுக்குக் கட்டை போடாவிட்டால் சுவர்கள் இரு பக்கமும் வயிறு தள்ளும். திருகாணிகள் தடித்த நாகப்பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, உடையவையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்க வேண்டும். சாதாரண இரும்பு சீடாரின் சாற்றோடு சேர்ந்து கறுப்புக் கறையாக வழிந்து, சில ஆண்டுகளில் தானும் அரிபட்டுப்போகும். அடிப்பலகைகளுக்கிடையே அரை அங்குல இடைவெளி விட்டு, மேலே களைத்துணி விரித்தால் போதும். உட்சுவரில் பொலித்தீனை இறுக்கி அடித்து மூடும் பழக்கம் பரவலாக உண்டு. மண்ணின் ஈரம் படாமல் அது காப்பதென்னவோ உண்மை, ஆனால் ஒரு சிறு கிழிசல் வழியாகப் புகுந்த நீர் பொலித்தீனுக்கும் பலகைக்கும் நடுவில் காயாமலே கிடந்து, மூடாத பெட்டியைவிட விரைவாக அதை உக்கவைப்பதும் உண்மைதான். வீட்டு அத்திவாரச் சுவருக்கு வெளியே பதிக்கும், குமிழ் குமிழாக இருக்கும் கெட்டிப் பிளாஸ்ரிக் விரிப்பின் மிச்சத்துண்டு கிடைத்தால் அதுவே சிறந்தது. குமிழ்கள் பலகையிலிருந்து விரிப்பை விலக்கிப் பிடிப்பதால் பின்னால் காற்று ஓடும்.

சீடாரின் விலையைப் பார்த்துத் திகைப்பவர்கள், பிரஷர் ட்ரீற்றட் என்று கேட்டு வாங்கும் இரசாயனம் ஏற்றிய பலகையின் பக்கம் திரும்புகிறார்கள். ஆர்சனிக் கலந்த பழைய வகை, 2003ஆம் ஆண்டின் இறுதியோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. இப்போது வருபவை செப்புக் கலவை ஏற்றியவை. பூச்செடிக்கு இதைப் பயன்படுத்த எனக்குத் தயக்கமில்லை. கீரையும் வெங்காயத்தாளும் வளர்ப்பதற்குச் சீடாரையே எடுப்பேன், அதுவும் கட்டாயம் என்று வாதிட மாட்டேன். ஆனால் யாரோ இடித்துப்போட்ட பழைய மேடையின் பலகை இலவசமாகக் கிடைக்கிறதென்று கொண்டுவருவதை மட்டும் தவிர்க்க வேண்டும்; 2004க்கு முந்தியதென்றால் அதில் ஆர்சனிக் இருக்கும் வாய்ப்பு அதிகம். பொதிகள் ஏற்றிவரும் பலெற்றுகளைப் பிரித்துச் செய்யும் பெட்டி படத்தில் அழகாக இருக்கும். அந்த மெல்லிய பலகை மூன்றாவது கோடையைக் காண்பது அரிது.

கொங்கிறீட்டும் அதன் தங்கையும்

சீமெந்தில் செய்தால் நூறாண்டு நிற்கும் என்ற நம்பிக்கை நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. வெப்பநாட்டுக் கிணற்றுக்கட்டையும் மதிலையும் பார்த்துப் பழகிய நம்பிக்கை அது. உறைபனிக்கு நடுவே சாதாரணக் கொங்கிறீட் நனைந்த நிலையில் கிடந்தால், அதன் மேற்பரப்பு செதில் செதிலாகக் கழரும். 1930களில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில்தான் இதற்கான தீர்வு தற்செயலாகத் தெரியவந்தது: கலவைக்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிதறியிருந்தால், உறையும் நீர் அவற்றுக்குள் விரிந்துகொள்ளும், சுவரை நெம்பாது. இன்று கனடாவில் வெளியிடத்துக்கு ஊற்றும் கொங்கிறீட்டில் பொதுவாக 5 முதல் 8 வீதம் வரை இத்தகைய காற்று இருக்கும்படி செய்கிறார்கள். வீட்டில் ஒரு வாளிக்குள் கைக்கரண்டியால் கிளறும் கலவையில் அந்த அளவை நம்பகமாகக் கொண்டுவருவது கடினம். காற்றேற்றியது என்று குறிப்பிட்ட பையைத் தேடி வாங்கி, தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் சேர்த்து, சுவரை இரண்டங்குலத் தடிப்புக்கு வார்த்தால் நல்ல சாடி கிடைக்கும். ஆனால் கொங்கிறீட் ஒரு கனமீற்றருக்கு 2400 கிலோ. இரண்டடி நீளத் தொட்டியை வார்த்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டியதுதான். இலேசான ஓட்டத்துக்காக ஒரு குவளை தண்ணீர் கூட ஊற்றும் ஆசையை வெல்ல முடியாதவர்கள் கொங்கிறீட் பக்கம் போகாமலிருப்பது நல்லது, ஏனெனில் மிகையான அந்த நீர் ஆவியாகிப் போன பாதைகள்தாம் பிற்பாடு பனி நுழையும் துளைகள்.

எனக்குப் பிரியமானது அதன் தங்கையான ஹைப்பர்டூஃபா. இங்கிலாந்தில் மலைச்செடி வளர்ப்பவர்கள், பண்ணைகளில் கால்நடைகளுக்குத் தண்ணீர் வைத்த பழைய கல்தொட்டிகளைத் தேடி வாங்கித் தோட்டத்தில் வைத்தார்கள். அவை கிடைத்தற்கரியவையாகி விலையும் ஏறிய பிறகு, டூஃபா என்னும் துளைநிறைந்த சுண்ணப்பாறையைப் போலத் தோன்றும் ஒரு கலவையைச் செய்து வார்க்கத் தொடங்கினார்கள். மணலும் சல்லியும் இடும் இடத்தில், சதுப்புநிலத்தில் படிந்த பாசிமக்கான பீற் மொஸ்ஸும், எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்த வெள்ளைப் பேர்லைற்றும் சேர்வதால் அது கொங்கிறீட்டைவிட வெகுவாக இலேசானது. நீரை உறிஞ்சும் பொருளாயிற்றே, மண்சாடியைப் போலப் பிளக்காதா என்று கேட்பது நியாயம். மண்பாண்டத்தின் துளைகள் மிக நுண்ணியவை, எளிதில் முழுதாக நிரம்பிவிடும்; ஹைப்பர்டூஃபாவுக்குள் பெரியதும் சிறியதுமான வெற்றிடங்கள் கலந்திருப்பதால், ஒன்றில் நீர் உறைந்தாலும் பக்கத்திலுள்ள காலியிடத்துக்குள் அது விரிய முடிகிறது. நெடுஞ்சாலைக் கொங்கிறீட்டில் குமிழ் செய்யும் வேலையை இங்கே பேர்லைற் ஓரளவு செய்துவிடுகிறது.

கன அளவில் சீமெந்து ஒரு பங்கு, பீற் மொஸ் ஒன்றரைப் பங்கு, பேர்லைற் ஒன்றரைப் பங்கு என்பது பலராலும் பின்பற்றப்படும் விகிதம். மணல் கலக்காத வெறும் போர்ட்லண்ட் சீமெந்தாக இருக்க வேண்டும். மணல் கலந்த பையை வாங்கிவிட்டு விகிதத்தை மட்டும் காப்பாற்றினால் சீமெந்து போதாமல் சாடி பொருபொருவென்று உதிரும். ஒரு கைப்பிடி செயற்கை நாரைப் பிரித்துத் தூவினால், கீறல் விழுந்தாலும் சுவர் விட்டுப்போகாது. ஒரு பிடியை எடுத்து இறுகப் பிசைந்தால் உருண்டையாக நிற்கவும், விரலிடுக்கில் இரண்டொரு துளி மட்டும் கசியவும் வேண்டும். அதுவே தண்ணீரின் அளவு. ஒரு பெட்டிக்குள் இன்னொரு சிறிய பெட்டியை வைத்து, நடுவில் விட்ட ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளிக்குள் கலவையை அடக்கி அடக்கித் திணித்து, அடியில் இரண்டு மூன்று மரத்தடிகளை நிறுத்தினால் வடிகால் துளைகளும் அமைந்துவிடும். ஓரிரு நாளில் அச்சைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் உரசிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவரலாம். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஈரச் சீமெந்து தோலைச் சுடும், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இனி வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. அச்சிலிருந்து எடுத்த சாடியைப் பொலித்தீனில் சுற்றி, இடையிடையே நனைத்து, மூன்று நான்கு வாரம் நிழலில் விட வேண்டும். காய்வதால் சீமெந்து வலுப்பெறுவதில்லை, ஈரத்தோடு இருந்தால்தான் வலுப்பெறும். நான் செய்த முதற் சாடியை ஒக்ரோபரில் வார்த்து, வாகனக் கொட்டிலில் வைத்தேன். இரண்டாவது வாரமே இரவுகள் குளிர்ந்துவிட்டன. வசந்தத்தில் அதன் விளிம்பைத் தொட்டபோது பிஸ்கற் போலக் கையோடு வந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு புதிதாக வார்ப்பதில்லை என்று இப்போது ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். வலுப்பெற்ற பின்னரும் அதிலிருந்து சுண்ணாம்புக் காரம் கசியும். பல தடவை நீர் நிரப்பி ஊற்றிக் கழுவிய பிறகே செடி வைக்கலாம். சுண்ணத்தை விரும்பும் கற்செடிகளுக்கும் கொழுத்த இலைச்செடிகளுக்கும் இது சொர்க்கம். புளிமண், அதாவது அமிலத்தன்மையுள்ள மண், கேட்கும் செடிகளுக்கு ஆகாது. வெளிப்பக்கம் மினுமினுக்கும் பூச்சை அடித்து மூடிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும். உள்ளே மண்ணிலிருந்து சுவருக்குள் இறங்கும் நீர் அந்தப் பூச்சின் பின்னால் சிக்கி உறைந்து, பூச்சோடு சேர்த்து ஒரு படையையும் உரித்துக்கொண்டு வரும்.

பீற் மொஸ்ஸை எண்ணி உறுத்தலடைபவர்களும் உண்டு; கியூபெக், நியூ பிரன்ஸ்விக் சதுப்புநிலங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் படியும் பொருளை அள்ளிச் சீமெந்தில் கலக்கிறோம். அதற்குப் பதிலாக இலங்கையிலிருந்து கட்டிகளாக வரும் தென்னந் தும்புத்தூளைப் பயன்படுத்தலாம். ஊறவைத்துக் கழுவி, அந்தத் தவிட்டுநிறச் சாயநீரை வடித்துவிட்டே சேர்க்க வேண்டும்; அந்தச் சாறு சீமெந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும்.

பிளாஸ்ரிக், தகரம், றெஜிபோம்

அழகைப் பற்றிய பேச்சைச் சற்றே நிறுத்திவைத்தால், செலவுக்கும் ஆயுளுக்கும் நடுவிலான கணக்கில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது 200 லீற்றர் நீலப் பீப்பாய். ஒலிவ், ஊறுகாய், பழச்சாறு முதலியவை வந்திறங்கிய பீப்பாய்கள் மலிவாகக் கைமாறுகின்றன. குறுக்காக அறுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் ஆழமுள்ள இரண்டு சாடிகள். அடியில் ஆறேழு துளைகள் போட்டால் வேலை முடிந்தது. அது செய்யப்பட்டிருக்கும் அடர் பொலியெத்திலீன் நீரை உறிஞ்சாது, ரொறன்ரோவின் எந்தக் குளிரிலும் நொறுங்காது, உறைந்த மண் தள்ளினால் நெளிந்துகொடுக்கும். முக்கோணக் குறிக்குள் 2 என்ற இலக்கம் இருந்தால் அது இந்த வகை. 5 என்ற இலக்கமிட்ட பொலிபுறொப்பிலீன் பூச்சியப் பாகையை அண்டியே விறைத்துப்போகத் தொடங்கும். மலிவுக் கடையில் வாங்கிய வாளியும் தொட்டியும் ஜனவரியில் காலால் தட்டுப்பட்டதும் சில்லாகச் சிதறுவது பெரும்பாலும் இதனால்தான். பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

தகரம் உடையாது, நெளியும். நெளிவுத் தகட்டை மரச்சட்டத்தில் அடித்துச் செய்யும் தொட்டிகள் இப்போது பாஷனாகியுள்ளன. வெட்டிய விளிம்பில் நாகப்பூச்சு இல்லாததால் அங்கிருந்து துரு ஏறும். அதைவிடப் பெரிய குறை, உலோகம் வெப்பத்தைத் தடுக்காதது. மார்ச் மாதத்துப் பிற்பகல் வெயிலில் தெற்குப்பார்த்த தகரத் தொட்டியின் மண் ஓரம் உருகி, இரவில் மீண்டும் உறையும். ஓராண்டுச் செடிகளுக்கு இது பொருட்டல்ல, வேர் தங்கும் செடிகளுக்கு நாசம்.

ஈழத்தவர் றெஜிபோம் என்றும் தமிழகத்தார் தெர்மோகோல் என்றும் சொல்லும் வெள்ளைப் பெட்டியை, மீன்கடைக்குப் பின்புறம் குப்பைக்குப் போகுமுன் கேட்டு வாங்கிவிடலாம். நீர் புகாது, உறைவினால் பிளக்காது, வேருக்குக் கம்பளி போர்த்தியதுபோல இருக்கும். வெயில்தான் அதைத் தின்னும். இரண்டு கோடையில் மஞ்சளாகித் தூளாக உதிரும். நீரில் கரையும் பெயின்ற் இரண்டு பூச்சு அடிக்க வேண்டும்; எண்ணெய் கலந்த பெயின்ற் பெட்டியையே கரைத்துவிடும். அல்லது வெளிப்புறத்தைக் கம்பித் தூரிகையால் கீறிச் சொரசொரப்பாக்கி, மேலே ஹைப்பர்டூஃபாக் கலவையை மெல்லப் பூசலாம். எடையில் இறகு, பார்வைக்குக் கல். ஒருமுறை எங்காவது இடிபட்டால் வெள்ளை எலும்பு தெரியும் என்பதுதான் சங்கடம்.

உள்ளே என்ன வளரப்போகிறது

இதுவரை சாடி பிழைப்பதைப் பற்றிப் பேசினோம். அதற்குள் இருக்கும் வேர் பிழைப்பது வேறொரு கணக்கு. நிலத்தில் நிற்கும் செடியின் வேர் ஒருபோதும் காணாத குளிரைச் சாடியில் நிற்கும் செடியின் வேர் நாற்புறமும் காண்கிறது. எந்த ஊரின் பனிக்குளிரை எந்தச் செடி தாங்கும் என்று காட்டக் குளிர் வலயங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அதனால்தான் உங்கள் ஊருக்குரிய வலயத்தைவிட இரண்டு வலயம் கூடிய குளிரைத் தாங்கும் செடியையே சாடியில் பனிக்காலம் முழுதும் விட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். சுவரின் பொருள் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. காப்புப்பலகையாக விற்கப்படும் இறுகிய றெஜிபோம் ஓரங்குலம் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க மரம் ஏறத்தாழ நான்கங்குலம் வேண்டும். கொங்கிறீட்டானால் ஒரு மீற்றருக்கும் மேல் வேண்டும். அதாவது, சீமெந்துச் சாடி எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் வேருக்கு அது வெறும் மேல்துணி. சீடார்ப் பெட்டியின் உட்சுவரில் ஓரங்குலக் காப்புப்பலகை வைத்தால் குளிர் ஏறி இறங்கும் வேகம் தணியும். ஜனவரியின் ஆழ்குளிரில் மண் உறையாமல் தடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, உள்ளே சூடு உண்டாக்கும் பொருள் எதுவுமில்லையே. ஒக்ரோபரில் உள்ளி (வெள்ளைப்பூண்டு) நட்டு மறு ஜூலையில் கிண்டியெடுக்க விரும்புபவர்களுக்கு இந்த ஓரங்குலம் தரும் அமைதி பெரிது.

நம்மவர்களில் பெரும்பாலோர் வளர்ப்பது தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி. மே 25க்கு முந்திய திங்களில் வரும் விக்டோரியா தினத்தை ஒட்டி நட்டு, ஒக்ரோபரில் பிடுங்கிவிடும் பயிர்கள் இவை. வேர் பனிக்காலத்தில் இருக்கப்போவதில்லை என்பதால் சுவரின் வெப்பக்காப்பு பற்றிக் கவலைப்படாமல் ஆழத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதும். அரைப்பீப்பாய் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். கறிவேப்பிலையும் முருங்கையும் இன்னொரு வகை. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும் முன்பே அவை வீட்டுக்குள் வந்தாக வேண்டும். படியேற்றித் தூக்கப்போகும் சாடிக்குப் பனியைத் தாங்கும் வலு எதற்கு? பிடியுள்ள இலேசான பிளாஸ்ரிக் சாடியே அதற்கு ஏற்றது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி வளவில் வேலியோரம் தானாக நின்ற முருங்கைக்கு இங்கே வரவேற்பறைச் சன்னலோரம் வாய்த்திருப்பதைப் பற்றி என் தாயாருக்கு இன்னும் சிரிப்புத்தான்.

ஆகவே சொந்த வீடும் பின்வளவும் உள்ளவர், ஒரே இடத்தில் பல ஆண்டுகள் நிற்கப்போகும் பெரிய தொட்டிக்கு ஒன்றரை அங்குலச் சீடாரில் முதலிட்டால் வருந்த மாட்டார். வாசற்படியருகே அழகுக்கு ஒன்றிரண்டு சிறு தொட்டிகள் வேண்டும், ஜூன் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளையும் ஒரு மாதப் பொறுமையையும் செலவிட முடியும் என்றால் ஹைப்பர்டூஃபாவை எடுக்கலாம். அதில் ஐம்பது சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாகச் செய்யத் தொடங்கினால் எடையும் கீறலும் சேர்ந்தே வளரும். வாடகை வீட்டில் இருப்பவர், இரண்டாண்டில் வேறிடம் போகக்கூடியவர், நீலப் பீப்பாயைவிட்டு வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. அதன் நிறம் கண்ணை உறுத்தினால், மூன்றங்குல அகலச் சீடார்ச் சிம்புகளை நெடுக்காகச் சுற்றிவர நிறுத்தி, இரண்டு தகட்டுப் பட்டிகளால் இறுக்கிவிடலாம். மண் படாத மரம் உக்காது, வெயில் படாத பிளாஸ்ரிக் வெளிறாது. என் கணிப்பில் இந்தக் கலப்புச் சாடிதான் உழைப்புக்கும் பணத்துக்கும் அதிகம் திருப்பித் தருவது. வெறும் கொங்கிறீட்டை, ஏற்கெனவே வார்ப்பு வேலை தெரிந்தவருக்கு மட்டுமே சொல்வேன்.

அடுக்குமாடியின் பலகணியில் வைப்பவர்கள் பொருளைத் தெரிவதற்கு முன்பு எடையைக் கணக்கிட வேண்டும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள பெட்டிக்குள் செடி நடும் இலேசான மண்கலவை 340 லீற்றர் போகும். நீர் ஊறினால் அது 300 கிலோவை ஒட்டி நிற்கும், தோட்டத்து மண்ணை அள்ளிப்போட்டிருந்தால் அதைவிட மிகக் கூடும். அதன் மேல் பனியும் ஏறும். கட்டட நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டு வைப்பது முறை. அதுவரை றெஜிபோம் பெட்டி நான்கைச் சுவரோரமாகப் பரப்பி வைக்கலாம்.

எதைச் செய்தாலும், நவம்பர் முதல் வாரத்தில் அரைநாள் ஒதுக்க வேண்டியிருக்கும். பயிர் பிடுங்கிய பெட்டியில் மண்ணைக் கிளறித் தளர்த்தி, மழை இறங்காதபடி தறப்பாளைச் சாய்வாகக் கட்டிவிடுவது. அரைப்பீப்பாயின் துளைகளில் அடைத்த வேர்களைக் கம்பியால் குத்தி எடுப்பது. சிறு ஹைப்பர்டூஃபாத் தொட்டிகளைக் கூரைத்தாழ்வாரத்தின் கீழ் செங்கல்லில் ஏற்றி வைப்பது. உலர்ந்த மண்ணில் விரிவதற்கு நீர் குறைவு, கிளறிய மண்ணில் விரிவதற்கு இடம் அதிகம். இந்த அரைநாளைக் கொடுக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள், சீமெந்து வகைகளை விட்டுவிட்டு மரத்துக்கோ பீப்பாய்க்கோ போவதுதான் சரி. அவை இரண்டும் ஒன்றிரண்டு ஆண்டுக் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும்.